இடம் பெயராத கோயில்

2021ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 28ஆம் நாள், தைப்பூசத் திருநாள். ஆண்டுதோறும் அந்நாளில் மக்கள் வெள்ளத்தில் மிதக்கும் பத்துமலை அன்று ஓசை அடங்கிக் கிடந்தது. கொரோனாப் பெருந்தொற்றினால் நடமாட்டக் கட்டுப்பாடு நடப்பிலிருந்த காலம் அது. கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து முருகப்பெருமானின் வெள்ளித்தேர் மரபு தவறாமல் புறப்பட்டது. ஆனால் அதன் முன்னும் பின்னும் பக்தர் கூட்டம் செல்ல அனுமதியில்லை. 272 படிகளிலும் காவடி ஏறவில்லை, பால்குடம் ஏறவில்லை. ஓராண்டுக் காலம் நெஞ்சில் சுமந்த நேர்த்திக்கடனை எங்கே இறக்கி வைப்பது என்று அறியாமல் பல்லாயிரம் அன்பர்கள் இல்லத்துக்குள் இருந்தனர்.

அன்று தைப்பூசம் நடைபெறவில்லையா? மலையடிவாரத்தைப் பார்த்தவர்கள் இல்லை என்றே சொல்லியிருப்பர். கிள்ளான் பள்ளத்தாக்கின் இல்லங்களை எட்டிப் பார்த்திருந்தால் விடை வேறாக இருந்திருக்கும். அடுக்குமாடி வீட்டின் ஒரு மூலையில், சுவரில் அறைந்த சிறு பலகையின் மேல் முருகன் படம். அதன் முன் ஒரு குத்துவிளக்கு. ஒரு செம்பில் பால். குடும்பத்தார் அமர்ந்து கந்தன் நாமத்தை ஓதினர். கூட்டம் இல்லை, மேளம் இல்லை, வரிசையில் நிற்கும் களைப்பும் இல்லை. இறைவனும் அடியவனும் நேருக்கு நேர் இருந்தனர். அந்த அமைதியில் தம் பக்தியின் ஆழம் எவ்வளவு என்று பலருக்கும் தெரிந்தது. சிலர் நிறைவு கண்டனர். கோயில் வாசல் மூடியதும் தமக்குள் எதுவுமே எஞ்சவில்லையே என்று சிலர் திகைத்தனர்.

இந்த இரு நிலைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடுதான் ஆன்மிகம் என்னும் சொல்லின் உட்பொருள்.

நின்றவூர் அடியவர் காட்டிய நெறி

கோயிலுக்குச் செல்ல வழியில்லாதபோது வழிபாடு என்னவாகும்? இவ்வினாவுக்குச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் விடை வைத்திருக்கிறார். திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார் சிவபெருமானுக்குக் கோயில் எழுப்ப விழைந்தார். கையில் பொருளில்லை, தேடி அலைந்தும் கிட்டவில்லை. எனவே மனத்திலேயே கட்டத் தொடங்கினார். கல்லும் மரமும் சேர்த்தார். தச்சரை அழைத்தார். நல்ல நாளில் அடித்தளமிட்டார். விமானம் எழுந்தது, சுதை வேலை முடிந்தது, கிணறும் மதிலும் குளமும் அமைந்தன. குடமுழுக்குக்கும் நாள் குறித்தார்.

அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் தான் எழுப்பிய கற்றளிக்குக் குடமுழுக்குச் செய்யக் காத்திருந்தான். முந்திய இரவு அவன் கனவில் தோன்றிய பெருமான், திருநின்றவூரில் தம் அன்பன் கட்டிய கோயிலில் தாம் புகவிருப்பதால் அவனுடைய விழாவை வேறு நாளுக்கு மாற்றும்படி பணித்தார். மன்னன் விரைந்து வந்து ஊரெங்கும் தேடினான். கோயில் எதுவும் கண்ணில் படவில்லை. பூசலாரைக் கண்டு உண்மை அறிந்ததும் மண்ணில் வீழ்ந்து வணங்கினான்.

கல்லால் கட்டும் கோயில் தேவையில்லை என்று இக்கதை கூறுவதாகக் கொள்வோர் உண்டு. அது பிழையான பொருள். மன்னனின் கோயிலைப் பெருமான் மறுக்கவில்லை. நாளை மட்டுமே மாற்றினார். முதலில் உள்ளே கட்டிய கோயில், பிறகு வெளியே கட்டிய கோயில் என்னும் வரிசையை உணர்த்தினார், அவ்வளவே. மனக்கோயில் ஒரு நொடியில் தோன்றிய கற்பனையன்று என்பதையும் கருத வேண்டும். அடித்தளம் முதல் கலசம் வரை, ஒவ்வொரு வேலையையும் அதனதன் காலத்தில், உறக்கமும் துறந்து செய்து முடித்தார் பூசலார். நாள்தோறும் மனத்தை ஓரிடத்தில் நிறுத்தி உழைத்த உழைப்பு அது. அதற்குத்தான் தியானம் என்று பெயர்.

கப்பலில் வந்த கோயில்

இந்த வரிசை திருநின்றவூருக்கு மட்டும் உரியதன்று. மலையகத் தமிழர் வரலாறும் இப்படியே தொடங்கிற்று. பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் கரையிறங்கிய தொழிலாளர் கையில் ஒரு துணி மூட்டை இருந்தது. கோபுரம் எதுவும் இல்லை. ஊர்த் தெய்வத்தை நெஞ்சில் ஏந்தி வந்தார்கள். பின்னரே ரப்பர்த் தோட்டத்தின் ஒரு மரத்தடியில் கல் நட்டார்கள், சூலம் ஊன்றினார்கள், அகல் ஏற்றினார்கள். தகரக் கொட்டகையும் செங்கற் சுவரும் காலப்போக்கில் வந்தன. பால்மரம் சீவ விடியுமுன் புறப்பட்டவர்கள் அந்த விளக்கின் முன் ஒரு கணம் நின்று கைகூப்பிவிட்டுச் சென்றார்கள். அந்த ஒரு கணமே அவர்களுடைய பிரார்த்தனை, அதுவே தியானமும்.

தலைநகரின் பெருங்கோயில்களும் இவ்வாறே வளர்ந்தன. கே. தம்புசாமிப் பிள்ளை 1873ஆம் ஆண்டில் நிறுவிய மகா மாரியம்மன் ஆலயம், முதலில் ஒரு குடும்பத்தின் வழிபாட்டிடமாகவே இருந்தது. ரயில் நிலையத்தை அடுத்திருந்த அக்கோயில், இப்போது ஜாலான் துன் எச்.எஸ். லீ எனப்படும் தெருவுக்கு 1885இல் மாற்றப்பட்டது. மாநகரின் தாய்க்கோயிலே ஒரு முறை இடம் பெயர்ந்த கோயில்தான். 1890களின் தொடக்கத்தில் பத்துமலைக் குகையில் முருகன் வழிபாடு நிலைபெற்றதும் அப்பெருமகனாரின் முயற்சியாலேயே. கிள்ளானில் அதே காலக்கட்டத்தில் வேர்விட்ட ஸ்ரீ சுந்தரராஜப் பெருமாள் ஆலயம், தென்கிழக்காசியாவின் திருப்பதி என்று போற்றப்படும் அளவுக்கு வளர்ந்தது.

பின்னர்க் காலம் மாறியது. கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் உருமாறின. லயன் வீடுகளில் ஒன்றாய் வாழ்ந்தவர்கள் பத்துத் திசைகளில் சிதறி அடுக்குமாடிகளில் குடியேறினர். அவர்களின் சிறு கோயில்களில் சில இடம் மாறின, சில மறைந்தன. தாத்தா நட்ட சூலம் இருந்த இடத்தில் இன்று வாகன நிறுத்துமிடம் இருப்பதைக் கண்டு கலங்கும் பேரப்பிள்ளைகள் உண்டு. அந்தத் துயரைச் சிறிது என்று சொல்லிக் கடந்துவிட இயலாது. ஆயினும் தாத்தா கொண்டுவந்தது சூலத்தை மட்டுமா? சூலத்தை நடத் தூண்டிய ஒன்றையும் அவர் கொண்டுவந்தார். அதற்கு நிலப்பட்டா வேண்டியதில்லை. அதை யாரும் வேறிடம் மாற்றவும் முடியாது. அது பேரப்பிள்ளையிடம் வந்து சேர்ந்ததா என்பதே கேள்வி.

பிரிக்பீல்ட்சில் ஒரு ஆசிரமம்

அந்த உள்விளக்கை அணையாமல் காக்கத் தனியே இடம் அமைத்தவர்களும் இம்மண்ணில் இருந்தனர். கோலாலம்பூரின் வீடுகளைச் செங்கல்லால் கட்ட வேண்டும் என்ற நிலை 1880களில் வந்தபோது, சூளைகள் எழுந்த பகுதியே பிரிக்பீல்ட்ஸ். 1886இல் கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றங்கரையையும் இணைக்கும் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அதன் பின் ரயில்வே ஊழியரின் குடியிருப்புகளும் பணிமனைகளும் பிரிக்பீல்ட்சில் பெருகின. இலங்கையிலிருந்து வந்த யாழ்ப்பாணத் தமிழர் எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் பணியாற்றினர். ஜாலான் ஸ்காட்டில் உள்ள ஸ்ரீ கந்தசுவாமி கோயில் அச்சமூகத்தின் பக்திக்குச் சான்று.

அதே பிரிக்பீல்ட்சில் 1904ஆம் ஆண்டில் எழுந்தது விவேகானந்தா ஆசிரமம். சுவாமி விவேகானந்தர் மறைந்து இரண்டே ஆண்டுகள் கடந்திருந்தன. 1892 டிசம்பரில் குமரிமுனைப் பாறையில் தியானத்தில் அமர்ந்த அத்துறவி, அடுத்த ஆண்டு சிக்காகோ செல்லும் வழியில் பினாங்கையும் சிங்கப்பூரையும் கடந்து சென்றார். 1897 ஜனவரியில் திரும்பி வந்தபோது கொழும்பும் யாழ்ப்பாணமும் அவருக்குப் பெரும் வரவேற்பளித்தன. அந்த எழுச்சியின் அலை கடல் கடந்து பிரிக்பீல்ட்சையும் தொட்டது. கோயில் அருகிலேயே இருந்தும் ஆசிரமம் எதற்கு என்று அக்காலத்து எழுத்தர்கள் தம்மைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். கோயிலில் இறைவனைக் கண்டு வணங்கலாம். கண்டதைப் பற்றி அமர்ந்து எண்ணுவதற்கும் ஓரிடம் வேண்டும். படிப்பதற்கும் கூடி ஓதுவதற்கும் மவுனமாக இருப்பதற்கும் ஆசிரமம் அமைந்தது. அதன் வழியே கல்விப் பணியும் வளர்ந்தது.

இன்று ஜாலான் துன் சம்பந்தனில் நடந்து செல்பவர், வாகன இரைச்சலுக்கும் வானுயர்ந்த கட்டடங்களுக்கும் நடுவே விவேகானந்தரின் சிலையையும் அதன் பின்னுள்ள பழைய மாளிகையையும் காணலாம். 2014ஆம் ஆண்டில் அந்நிலத்தில் மேம்பாட்டுத் திட்டம் வரவிருப்பதாகச் செய்தி எழுந்தபோது, கட்டடத்தைப் பாரம்பரியச் சொத்தாகக் காக்க வேண்டும் என்ற குரல் ஓங்கி ஒலித்தது. கட்டடம் இன்றும் நிற்கிறது. எந்தப் பழக்கத்துக்காக அது கட்டப்பட்டதோ அந்தப் பழக்கமும் நிற்க வேண்டும். காக்கப்பட்ட சுவருக்குள் அமர்ந்து கண்மூடுவோர் இருந்தால்தான் காத்ததற்குப் பயன் உண்டு.

தோட்டத்து மருத்துவர் துறவியானார்

தியானம் துறவிகளுக்கு உரியது, சம்சாரிகளுக்கு அன்று என்பது பலர் கூறும் சமாதானம். இதற்கு மறுமொழி கூறத் தகுந்த ஒருவர் இந்நாட்டிலேயே பத்தாண்டுகள் வாழ்ந்திருக்கிறார். நெல்லைச் சீமையின் பத்தமடையில் 1887ஆம் ஆண்டு பிறந்த குப்புசுவாமி என்னும் இளைஞர், மருத்துவம் பயின்று, 1913இல் கப்பலேறி மலாயா வந்தார். சிரம்பானுக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்ட மருத்துவமனையில் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் பணியாற்றினார். பின்னர் ஜொகூர் பாருவில் மூன்று ஆண்டுகள். மலேரியாக் காய்ச்சல் தோட்டத் தொழிலாளரை வாட்டிய காலம் அது. ஏழை நோயாளியிடம் கட்டணம் வாங்காததோடு தம் கைப்பொருளையும் கொடுத்து அனுப்பியவர் என்று அவர் நினைவுகூரப்படுகிறார்.

அந்நாளில் அவரிடம் சிகிச்சை பெற்ற ஒரு சாது, நன்றியாக வேதாந்த நூல் ஒன்றை அளித்தார். அந்நூல் மருத்துவருக்குள் ஒரு வினாவை எழுப்பியது. உடல் நோயை ஆற்றுகிறோம். மீண்டும் வராமல் தடுக்க முடியாத பிறவி நோய்க்கு மருந்து எது? பகலில் நோயாளிகள், அதிகாலையிலும் இரவிலும் பூசை, செபம், நூற்பயிற்சி என அவர் வாழ்வு அமைந்தது. 1923இல் மலாயாவை விட்டுப் புறப்பட்டார். 1924 ஜூன் முதல் நாள் ரிஷிகேசத்தில் துறவு பூண்டு சுவாமி சிவானந்தர் ஆனார். 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவினார். 1963 ஜூலை 14ஆம் நாள் மகாசமாதி எய்தினார். அவர் பெயர் தாங்கிய சிவானந்தாசிரமம் பத்துமலைப் பகுதியிலேயே அமைந்து அவர் நெறியைப் பரப்பி வருவது இந்நாட்டுக்குக் கிடைத்த பேறு.

இவ்வரலாற்றில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. காவி உடுத்த பின்னும் அவர் மருத்துவரின் கையை மடக்கிக்கொள்ளவில்லை. 1927இல், தம் காப்புறுதிப் பணத்தைக் கொண்டு லட்சுமண்ஜூலாவில் யாத்திரிகர்களுக்கு இலவச மருந்தகம் திறந்தார். தோட்டத்தில் கற்ற தொண்டு கங்கைக்கரையில் தொடர்ந்தது. தியானத்தால் தொண்டு குறையவில்லை; தொண்டினால் தியானம் கலையவும் இல்லை.

தன்னைத் தான் காணும் நாட்குறிப்பு

சிவானந்தர் தம் மாணாக்கருக்குக் கொடுத்த பயிற்சிகளுள் எளியதும் கடினமானதும் ஆன ஒன்று, ஆன்மிக நாட்குறிப்பு. இரவில் உறங்குமுன் சில வினாக்களுக்கு விடை எழுத வேண்டும். காலை எத்தனை மணிக்கு எழுந்தாய்? எத்தனை மாலை செபம் செய்தாய்? எத்தனை முறை சினந்தாய்? எத்தனை பொய் சொன்னாய்? தவறுக்கு உனக்கு நீயே அளித்த தண்டம் என்ன? மருத்துவர் நோயாளியின் கட்டிலில் மாட்டி வைக்கும் காய்ச்சல் அட்டையைப் போன்றது இது. காய்ச்சல் ஏறியதையும் இறங்கியதையும் அட்டை மறைக்காது. எழுதுபவர் நேர்மையாக இருந்தால் போதும்.

கேட்பதற்கு இது பள்ளிப் பிள்ளைகளின் வேலை போலத் தோன்றும். ஒரு வாரம் எழுதிப் பார்த்தவர்க்கே அதன் வலிமை விளங்கும். கோயிலில் கண்ணீர் மல்க நின்ற அதே நாளில் மனைவியிடம் எத்தனை முறை எரிந்து விழுந்தோம் என்பது தாளில் தெரியும். ஏழு மாலை செபித்ததாகப் பெருமைப்பட்டவர், அவற்றுள் ஐந்து மாலைகளின்போது அலுவலகக் கவலையே ஓடியதை அறிவார். பிறர் சொன்னால் சினம் வரும். தன் கையெழுத்தே சொல்லும்போது சினக்க வழியில்லை. இறைவனைப் பற்றிய சிந்தனை, தன்னைப் பற்றிய உண்மையிலிருந்து தொடங்குகிறது.

பிள்ளைகள் நடுவே ஒரு பிரார்த்தனை

தன்னை அறிந்தவர் அடுத்து எங்கே செல்வார் என்பதற்குச் சுத்த சமாஜம் நல்ல சான்று. சப்பானியர் ஆட்சியும் போரும் முடிந்திருந்த காலம். பெற்றோரை இழந்த பிள்ளைகளும் வறுமையில் துவண்ட குடும்பங்களும் நிறைந்திருந்த நாட்டில், 1950ஆம் ஆண்டு வாக்கில் சுவாமி சத்தியானந்தா இச்சங்கத்தைத் தொடங்கினார். கோலாலம்பூரின் பூச்சோங் சாலையில் அமைந்த அந்நிலையத்தில் பிரார்த்தனையும் தியானமும் சமய ஒற்றுமையும் போதிக்கப்பட்டன. ஆதரவற்ற பிள்ளைகளும் வளர்க்கப்பட்டனர். சுவாமிகள் 1961இல் மறைந்தார். அவர் வழியில் தம்மை முற்றாக ஒப்படைத்திருந்த அன்னை மங்களம், அதன் பின் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அப்பணியைத் தாங்கினார். 2023ஆம் ஆண்டில், 97ஆம் வயதில் அவர் இறைவனடி சேர்ந்தபோது, அவரைத் தாய் என்று அழைத்து வளர்ந்தவர்கள் நாடெங்கும் இருந்தனர்.

தியானத்தில் கண்ட கடவுள் கண் திறந்ததும் எங்கே போகிறார்? அன்னையின் வாழ்வைப் பார்த்தவர்க்கு இந்தக் கேள்வி எழாது. பசித்த பிள்ளையின் தட்டருகே அவர் இருக்கிறார். தனியே அமர்ந்து செய்யும் சிந்தனை மனிதரைத் தன்னலத்துக்குள் சுருட்டிவிடக்கூடும் என்ற அச்சம் நியாயமானதே. அவ்வாறு சுருட்டினால் அது தியானமன்று, சோம்பல் என்று கண்டுகொள்ளத் தொண்டு உரைகல்லாகிறது.

விரதம் என்னும் நடமாடும் தியானம்

இனி, தைப்பூசத்துக்குத் திரும்பலாம். காவடியின் கதை இடும்பனின் கதை. அகத்தியர் பணித்தபடி சிவகிரி, சக்திகிரி என்னும் இரு மலைகளையும் தோளில் சுமந்து வந்த இடும்பன், பழனியில் இளைப்பாற இறக்கி வைத்தான். மீண்டும் தூக்க முயன்றான், மலை அசையவில்லை. மலைமேல் நின்ற சிறுவனோடு போரிட்டு வீழ்ந்த பின்னரே அச்சிறுவன் முருகன் என்று அறிந்தான். தன் வலிமையால் சுமக்கிறோம் என்று எண்ணிய வரையில் சுமை நகரவில்லை. அந்த எண்ணம் வீழ்ந்தபோது அவனே திருவாயிலில் காவலன் ஆனான்.

காவடி எடுப்போர் ஒரு மண்டலமாகிய 48 நாள்களோ தம்மால் இயன்ற நாள்களோ விரதம் காப்பது இதனால்தான். புலால் தவிர்த்தல், புலனடக்கம், தரையில் படுத்தல், இருவேளை வழிபாடு, கடுஞ்சொல் கூறாமை ஆகியவை விரத நியமங்கள். திருநாளன்று உலகம் காண்பது சில மணி நேரக் காவடியை. இறைவன் காண்பது முன்னே சென்ற அந்த நாள்களை. உணவகத்தில் நண்பர் வற்புறுத்தும்போது மறுத்த ஒரு கவளமும், வாயில் வந்து திரும்பிய ஒரு வசைச்சொல்லும் எந்தப் படத்திலும் பதியாத காவடிகள். அவை இல்லாமல் தூக்கும் காவடி, எத்துணை உயரமாயினும், மயிற்பீலியின் கனம் மட்டுமே உடையது.

சிவாகமங்கள் கூறும் நான்கு நெறிகளும் இந்த ஒரு விரதத்துக்குள் அடங்குகின்றன. கோயிலைக் கூட்டி மெழுகித் தொண்டு செய்வது சரியை. மலரும் நீரும் கொண்டு பூசிப்பது கிரியை. மூச்சையும் மனத்தையும் அடக்கி உள்ளே நோக்குவது யோகம். இறைவனை அறிந்து அவனில் ஒன்றுவது ஞானம். அரும்பு, மலர், காய், கனி என்று இவற்றைப் பெரியோர் வரிசைப்படுத்துவர். அரும்பை இகழ்ந்து கனியைப் பெற முடியாது. அரும்பிலேயே நின்றுவிட்ட மரமும் பயன் தராது.

இல்லத்தில் தொடங்கும் மூன்று படிகள்

இவற்றுக்கெல்லாம் நேரம் எங்கே என்பதே கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் உழைப்பாளியின் கேள்வி. இரவுப் பணி முடிந்து விடியலில் திரும்பும் தொழிலாளி, இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வேலைக்கு ஓடும் தாய், நெரிசலில் ஒரு மணி நேரம் வாகனத்தில் கழிக்கும் இளைஞர் ஆகியோர் ரிஷிகேசம் செல்ல முடியாது. செல்லவும் தேவையில்லை. பெரியோர் காட்டிய வழியில் மூன்று படிகளை வீட்டிலேயே அமைத்துக்கொள்ளலாம்.

முதற்படி பிரார்த்தனை. காலையில் விளக்கேற்றி ஐந்து நிமிடம் நிற்றல். வேண்டியதைக் கேட்பதில் குற்றமில்லை. பிள்ளை தாயிடம் கேட்காமல் யாரிடம் கேட்கும்? ஆனால் கேட்டு முடித்ததும் ஓடிவிடாமல், பெற்றதற்கு நன்றி கூறி, வேறொருவருக்காகவும் ஒரு வேண்டுதல் வைத்துப் பழக வேண்டும். அயலாரின் நோய்க்காக வேண்டத் தெரிந்தவர் வாய் அவ்வயலாரை ஏசக் கூசும்.

இரண்டாம் படி தியானம். பதஞ்சலி முனிவர் இதை எட்டு உறுப்புகளுள் ஏழாவதாக வைத்தார். அதற்கு முன் ஒழுக்கமும் இருக்கையும் மூச்சும் புலனடக்கமும் மனத்தை ஓரிடத்தில் நிறுத்துதலும் வருகின்றன. நேரே ஏழாம் மாடிக்குத் தாவ முயன்று, மனம் நிற்கவில்லை என்று ஒரே நாளில் கைவிடுவோர் பலர். மனம் ஓடுவதுதான் இயல்பு. ஓடியதை உணர்ந்த கணத்தில், அதைக் கடியாமல், முருகன் நாமத்துக்கோ பெருமாள் நாமத்துக்கோ மீட்டு வருவதே பயிற்சி. நூறு முறை ஓடினால் நூற்றோராம் முறையும் மீட்க வேண்டும். ஒரு கலத்திலிருந்து மறு கலத்துக்கு எண்ணெய் ஒழுகுவது போல அறுபடாத நினைவு ஒரு நாள் கூடும். கிள்ளானிலிருந்து தலைநகருக்கு மின்ரயிலில் செல்வோர்க்குச் செபத்துக்கு வேறு மண்டபம் வேண்டியதில்லை. கண்ணை மூடினால் இருக்கையே போதும்.

மூன்றாம் படி ஆத்ம பரிசோதனை. இரவில் ஒரு குறிப்பேடு, இரண்டே வரிகள். இன்று எந்த இடத்தில் இறைவனை மறந்தேன்? நாளை எதைத் திருத்துவேன்? பிள்ளைகள் பார்க்கும்படி எழுதுவது இன்னும் நன்று. தந்தை தம் தவற்றை எழுதுவதைக் கண்ட பிள்ளைக்குத் தனியே நீதி போதனை தேவைப்படாது.

இம்மூன்றுக்கும் பொருட்செலவில்லை. காண்போர் இல்லாததால் கைதட்டலும் இல்லை. ஒருவர் செய்கிறாரா என்பதை அவர் மட்டுமே அறிவார். அதனால்தான் இவை எளியவையாயினும் அரியவை ஆயின.

மீண்டும் நிறைந்த மலை

பெருந்தொற்றுக்குப் பின் 2022இல் கட்டுப்பாடுகளோடு பால்குடங்கள் மலையேறின. 2023 முதல் பத்துமலை பழைய பொலிவைப் பெற்றது. 2006ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்ட 140 அடி முருகன் சிலையின் காலடியில் மனிதக் கடல் மீண்டும் திரண்டது. வெள்ளித்தேர் நள்ளிரவின் அமைதியைக் கிழித்து, வழிநெடுகத் தேங்காய்கள் சிதற, பதினைந்து கிலோமீட்டர் ஊர்ந்து வந்தது. இழந்ததை மீண்டும் பெற்ற மகிழ்ச்சி எல்லார் முகத்திலும் தெரிந்தது.

ஆனால் அந்த அமைதியான தைப்பூசம் கற்பித்த பாடம் மறக்கத் தக்கதன்று. வாசல் மூடிய அன்று யார் உள்ளத்தில் பூசை நின்றுபோகவில்லையோ அவரே திறந்த வாசலின் முழுப் பயனையும் பெறுகிறார். மலைப்படி ஏறும் அன்பர் நடுவழியில் இளைப்பாற நிற்கும்போது, ஒரு கணம் கூட்டத்தின் ஆரவாரத்தை விட்டுத் தம் மூச்சையும் அதனோடு இழையும் நாமத்தையும் கேட்டுப் பார்க்கலாம். திருநின்றவூரில் கட்டிய அதே கோயிலின் அடித்தளம் அங்கே இடப்படுகிறது. தோட்டம் மறைந்தாலும் வீடு மாறினாலும் அக்கோயில் இடம் பெயர்வதில்லை. நாள்தோறும் ஒரு கல் வைத்து அதனைக் கட்டி எழுப்புவோர் இல்லங்களில் குமரன் திருவருள் என்றும் குடிகொள்வதாக!